சான்றுக்கும் முடிவுக்கும் நடுவே

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு அறிவியல் படித்தவர்களுக்குக் ‘கூற்று – காரணம்’ வகை வினா நன்றாகத் தெரியும். மேலே ஒரு கூற்று, கீழே ஒரு காரணம். இரண்டும் சரியா, காரணம் கூற்றை விளக்குகிறதா என்று பார்த்து நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வினா அறிவியல் சிந்தனையின் முக்கியமான ஓரிடத்தைத் தொடுகிறது. இரண்டு செய்திகளும் தனித்தனியே உண்மையாக இருந்தும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இல்லாமல் போகலாம். ஆனால் நடைமுறையில் கூற்றும் காரணமும் பாடநூலின் பயிற்சிப் பகுதியிலேயே அச்சாகியிருக்கின்றன, விடை கையேட்டில் கிடைக்கிறது. மாணவர் எதையும் நிறுவ வேண்டியதில்லை, எழுத்தை நினைவில் வைத்தால் போதும். தரவு எதுவும் கொடுக்கப்படாததால் சான்று என்ற ஒன்று அங்கே தலைகாட்டுவதே இல்லை.

ஓர் அறிவியல் முடிவைச் சான்று காட்டி நிறுவவும், அந்தச் சான்று ஏன் அந்த முடிவைத் தாங்குகிறது என்று விளக்கவும் மாணவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகளாகக் கல்வியாளர்கள் இதற்கு விடை சொல்லிவருகிறார்கள். விடைகள் ஒன்றையொன்று திருத்திக்கொண்டும் சில சமயம் ஒன்றையொன்று கவனிக்காமலும் வளர்ந்திருக்கின்றன. அவற்றில் முக்கியமானவற்றையும் அவை சறுக்கும் இடங்களையும் இக்கட்டுரை பார்க்கிறது.

கண்டறிய விடுவதா, சொல்லிக்கொடுப்பதா

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் வேதியியலாளர் ஹென்றி எட்வர்ட் ஆம்ஸ்ட்ராங், மாணவரைக் கண்டுபிடிப்பாளரின் இடத்தில் நிறுத்த வேண்டும் என்று வாதிட்டார். ‘ஹியூரிஸ்டிக்’ என்று பெயர்பெற்ற அவருடைய முறையில் ஆசிரியர் முடிவைச் சொல்ல மாட்டார். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பதை மாணவரே எடைபோட்டு, அளந்து, எழுதிக் கண்டறிய வேண்டும். அமெரிக்காவில் ஜான் டூயி 1909இல் ஆற்றி 1910இல் அச்சான உரையில் வேறொரு பக்கத்திலிருந்து அதே குறையைச் சுட்டினார்: அறிவியல் முடிந்துபோன செய்திகளின் தொகுப்பாகவே கற்பிக்கப்படுகிறது, அந்தச் செய்திகளை உண்டாக்கிய சிந்தனை முறை வகுப்புக்குள் வருவதில்லை. 1957இல் ஸ்புட்னிக் பறந்த பிறகு அமெரிக்கப் பாடத்திட்டங்கள் திருத்தப்பட்டபோது ஜோசப் ஷ்வாப் இதே குறையை இன்னும் கூர்மையாகச் சொன்னார். பாடநூல்கள் முடிவுகளை மட்டும் அடுக்குகின்றன, அவற்றுக்குப் பின்னால் இருந்த ஐயங்களை அழித்துவிடுகின்றன என்றார். அவர் மேற்பார்வையில் உருவான உயிரியல் ஆசிரியர் கையேட்டின் பயிற்சிகள் சிறிய தரவு ஒன்றைக் கொடுத்து, ‘இதிலிருந்து இந்த முடிவுக்கு வரலாமா?’ என்று கேட்டன.

ஆம்ஸ்ட்ராங் முறையின் பலவீனம் அப்போதே தெரிந்துவிட்டது. வேதியியலாளர் லவாய்சியே முதலானோர் பல பத்தாண்டுகள் போராடிப் பெற்றதை நாற்பது நிமிடப் பாடவேளையில் ஒரு சிறுவன் கண்டுபிடிப்பான் என்று எதிர்பார்ப்பது நேர்மையாகாது. அவன் ‘கண்டுபிடிப்பது’ பெரும்பாலும் ஆசிரியர் எதிர்பார்க்கும் விடையைத்தான்.

இந்த நூற்றாண்டில் அதே வாதம் புள்ளிவிவரங்களோடு திரும்ப வந்தது. டேவிட் க்ளார், மிலேனா நிகம் இருவரும் 112 சிறுவர்களை வைத்து 2004இல் வெளியிட்ட ஆய்வு பலரால் மேற்கோள் காட்டப்படுவது. சரிவான பலகையில் பந்தை உருட்டி, எந்தக் காரணி தூரத்தை மாற்றுகிறது என்று கண்டறிய ஒரே சமயத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்ற வேண்டும் என்ற விதியை ஒரு குழுவுக்கு நேரடியாகக் கற்பித்தார்கள், இன்னொரு குழுவைத் தானாகக் கண்டறிய விட்டார்கள். நேரடியாகக் கற்றவர்களில் சுமார் 77 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றார்கள், மற்றக் குழுவில் சுமார் 23 விழுக்காட்டினர். 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் குறைந்த வழிகாட்டுதலோடு கற்பிப்பது பலன் தருவதில்லை என்று பொதுவாகவே எழுதினார்கள். ஆனால் 2007இல் டேவிட் டீனும் டியன்னா கூனும் காலத்தை நீட்டிப் பார்த்தபோது படம் மாறியது. ஒருமுறை நேரடியாகக் கற்பித்ததன் பலன் மாதக்கணக்கில் நிலைக்கவில்லை, திரும்பத் திரும்பப் பழகியவர்களிடமே திறன் தங்கியது. பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பிசாவின் 2015 ஆய்வு, விசாரணை வழிக் கற்பித்தல் அதிகம் நடப்பதாக மாணவர்கள் சொன்ன இடங்களில் பல நாடுகளில் மதிப்பெண் குறைவாக இருப்பதைக் காட்டியது. இதை ஒரு தரப்பின் வெற்றியாகக் கொள்வது அவசரம். மாணவர் ‘சோதனை செய்தோம்’ என்று சொல்லும் வகுப்பில் சான்றை எடைபோடும் பேச்சு நடந்ததா என்று அந்த வினாப்பட்டியல் ஆழமாகக் கேட்கவில்லை.

எனக்குத் தோன்றுவது: இந்த நீண்ட சண்டை வழியைப் பற்றியது, போய்ச் சேரும் இடத்தைப் பற்றியது அல்ல. ஒரு காரணியை மட்டும் மாற்றுவது அறிவியல் தர்க்கத்தின் ஒரு வகை. நிலவியலாளரும் வானியலாளரும் பெரும்பாலும் எதையும் மாற்றிப்பார்க்க முடியாமலேதான் முடிவுக்கு வருகிறார்கள்.

தூல்மினின் வரைபடம்

இன்று வகுப்பறை வாதத்தைப் பற்றி எழுதும் எவரும் ஸ்டீபன் தூல்மினைத் தாண்டிப் போக முடியாது. 1958இல் அவர் எழுதிய ‘வாதத்தின் பயன்கள்’ கல்வி நூல் அல்ல. முறைசார் தர்க்கவியல் உண்மையான வாதங்களைப் புரிந்துகொள்ள உதவுவதில்லை, நீதிமன்றமே நல்ல முன்மாதிரி என்று சொன்ன மெய்யியல் நூல். ஹாரி என்பவர் பெர்முடாவில் பிறந்தார். ஆகவே அவர் பிரிட்டிஷ் குடிமகன். இதில் பிறந்த இடம் தரவு, குடியுரிமை கூற்று. தரவிலிருந்து கூற்றுக்குப் போக அனுமதிப்பது ‘பெர்முடாவில் பிறந்தவர்கள் பொதுவாக பிரிட்டிஷ் குடிமக்கள்’ என்ற இணைப்பு விதி. அந்த விதியைத் தாங்கி நிற்பவை சட்டங்கள். ‘அநேகமாக’ என்பது கூற்றின் உறுதியை அளவிடுகிறது. பெற்றோர் இருவரும் அயல்நாட்டவராக இருந்தால் என்பது விதிவிலக்கு.

இணைப்பு விதியைத் தனியாக எடுத்துக் காட்டியதுதான் தூல்மினின் கொடை. வகுப்பறையில் வழக்கமாகச் சொல்லாமல் விடப்படுவது அதுவே. நியாய மரபை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று வாதத்தின் உறுப்புகளை விளக்குகிறார். மலையில் நெருப்பு உண்டு என்ற பக்கத்துக்குப் புகை ஏது. புகையுள்ள இடத்தில் நெருப்பு இருக்கும் என்ற தொடர்பைத் தாங்குவது திட்டாந்தம், அதாவது சமையற்கூடம். உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்கிறது காப்பியம். அதற்கும் மேலே பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று பழுதுபட்ட வாதங்களின் நீண்ட பட்டியலைக் கொடுக்கிறது. எது நல்ல வாதம் என்பதைவிட எது போலி வாதம் என்பதைச் சொல்லிக்கொடுக்கும் இந்த அணுகுமுறையை நவீனக் கல்வி ஆய்வு போதிய அளவு எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வகுப்பறைக்குத் தூல்மின் வந்தது பெரும்பாலும் 1990களுக்குப் பிறகு. ஸ்பெயினின் கலீசியாவைச் சேர்ந்த மரியா பிலார் ஹிமேனெஸ்-அலெக்சாந்திரேவும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் சிறந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று. பண்ணையில் வளரும் கோழிகள் முன்பிருந்த புள்ளியிட்ட பழுப்பு நிறத்திலிருந்து மஞ்சளாக மாறியது ஏன் என்ற புதிரை மரபியல் படிக்கும் மாணவர்களிடம் கொடுத்தார்கள். தீவனமா, சூழலா, மரபுவழி மாறுபாடா? மாணவர்களின் பேச்சைப் பதிவுசெய்து தூல்மின் வரைபடத்தில் பொருத்தியபோது, கூற்றுகள் நிறைய இருந்தன, அவற்றை நியாயப்படுத்தும் பேச்சு குறைவாகவே இருந்தது. பேச்சின் ஒரு பகுதி அறிவியல் செய்வது, இன்னொரு பகுதி ‘பாடத்தைச் செய்வது’, அதாவது ஆசிரியர் எதைக் கேட்கிறார் என்று ஊகித்து நிறைவேற்றுவது. இந்தப் பிரிப்பு பின்னர் பலருக்கும் பயன்பட்டது.

இங்கிலாந்தில் ரோசலிண்ட் டிரைவர், பால் நியூட்டன், ஜொனதன் ஆஸ்போர்ன் மூவரும் வாதிடுதலை அறிவியல் கல்வியின் மையத்தில் வைக்க வேண்டும் என்று 2000இல் எழுதினார்கள். தொடர்ந்து ஆஸ்போர்ன், சிபெல் எர்துரான், ஷேர்லி சைமன் மூவரும் ஆசிரியர்களோடு பணியாற்றி 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மறுப்பு எவ்வளவு தெளிவாக வருகிறது என்பதைக் கொண்டு வாதத்தின் தரத்தை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். மாணவர் வாதங்களில் முன்னேற்றம் தென்பட்டது. ஆனால் மிதமான முன்னேற்றம். சமூகச் சார்புள்ள அறிவியல் பிரச்சினைகளில் வாதிட வைப்பதைவிடத் தூய அறிவியல் கேள்விகளில் வாதிட வைப்பது கணிசமாகக் கடினம் என்பதையும் அவர்கள் கண்டார்கள். உயிரியல் பூங்கா வேண்டுமா என்று கேட்டால் எல்லோருக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது. பனிமனிதப் பொம்மைக்குக் கோட்டு போட்டால் சீக்கிரம் உருகுமா என்று கேட்டால் வெப்பக் கடத்தல் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வரைபடத்தின் பலவீனம் அதைப் பயன்படுத்தியவர்களே சொன்னதுதான். உண்மையான பேச்சில் எது தரவு, எது இணைப்பு விதி என்று பிரிப்பது கடினம். ஒருவருக்குத் தரவாக இருப்பது அடுத்தவருக்கு விளக்கம். அதைவிடப் பெரிய சிக்கல், வரைபடம் வாதத்தின் உருவத்தைத்தான் பார்க்கிறது. முற்றிலும் தவறான இயற்பியலைக் கொண்டும் அழகான தூல்மின் வாதம் ஒன்றைக் கட்ட முடியும்.

மூன்று கட்டங்கள்

தூல்மினின் ஆறு உறுப்புகளை ஆறாம் வகுப்புக்குக் கற்பிக்க முடியாது. கேத்தரின் மெக்நீலும் ஜோசப் கிராய்ச்சிக்கும் அவற்றைக் கூற்று, சான்று, காரணவிளக்கம் என்று மூன்றாகச் சுருக்கினார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகக் குழுவில் உருவான இந்தச் சட்டகம் அமெரிக்கப் பள்ளிகளில் வேகமாகப் பரவியது. அங்கே 2013இல் வந்த புதிய அறிவியல் தரநிலைகள், சான்றிலிருந்து வாதிடுவதை எட்டு அறிவியல் செயல்முறைகளில் ஒன்றாக வைத்தது பரவலை மேலும் வேகப்படுத்தியது.

சட்டகத்துக்கு ஆதாரமான ஆய்வுகள் கவனமானவை. ஏழாம் வகுப்புக்கான எட்டு வார வேதியியல் அலகு ஒன்றில் மாணவர்கள் கொழுப்பிலிருந்து சோப்புச் செய்து, அது புதிய பொருளா என்று உருகுநிலை, அடர்த்தி, கரைதிறன் ஆகியவற்றைக் கொண்டு வாதிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு எழுத்துத் துணைக்குறிப்புகள் கடைசிவரை விரிவாகத் தரப்பட்டன. மற்றப் பிரிவினருக்கு அவை படிப்படியாகக் குறைக்கப்பட்டன. துணை இருக்கும்வரை முதல் பிரிவினர் முன்னணியில் இருந்தார்கள். துணையே இல்லாத இறுதித் தேர்வில், காரணவிளக்கத்தைப் பொறுத்தவரை, குறைத்துக்கொண்டே வரப்பட்ட பிரிவினர் நன்றாக எழுதினார்கள். கட்டடம் எழுந்த பிறகும் சாரத்தைப் பிரிக்காமல் விட்டால் சுவர் தானே நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. 2006இல் வெளியான இந்த முடிவு, சட்டகத்தை அச்சடித்து ஆண்டு முழுக்க ஒட்டிவைக்கும் பள்ளிகள் படிக்க வேண்டியது.

தொடர்ந்து பல ஆய்வுகளில் ஒரே மாதிரியான குறை வெளிப்பட்டது. கூற்றை மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். சான்றையும் ஓரளவு சேர்க்கிறார்கள். மூன்றாவது கட்டம் காலியாக இருக்கிறது, அல்லது பாடநூல் வரையறை ஒன்று நகலெடுக்கப்படுகிறது. வில்லியம் சாண்டோவலும் கெல்லி மில்வுட்டும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதன் இன்னொரு முகத்தைக் காட்டியது. கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னி மேஜர் தீவில் 1977இல் வறட்சி வந்தபோது குருவிகள் ஏன் செத்தன, எவை ஏன் பிழைத்தன என்று உண்மையான களத்தரவிலிருந்து மாணவர்கள் விளக்க வேண்டும். பெரிய அலகுள்ளவை கடினமான விதைகளை உடைக்க முடிந்ததால் பிழைத்தன என்பது அந்தத் தரவு காட்டும் திசை. மாணவர்கள் வரைபடத்தைச் சுட்டினார்கள். ஆனால் அது தானே பேசும் என்பதுபோல விட்டுவிட்டார்கள். வரைபடத்தில் எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும், அது ஏன் இந்த விளக்கத்துக்குச் சாதகம், வேறு விளக்கத்துக்கு ஏன் பாதகம் என்று எழுதவில்லை.

இதை மாணவரின் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. எது போதிய காரணவிளக்கம் என்பது அறிவியலுக்குள்ளேயே தீராத வழக்காக இருந்ததுண்டு. 1912இல் ஆல்ஃபிரட் வெகெனர் கண்டங்கள் நகர்ந்தன என்றார். கடற்கரைகளின் பொருத்தம், கடலுக்கு இரு புறமும் ஒரே புதைபடிவங்கள், ஒரே பாறை அடுக்குகள் என்று சான்றுகளைக் குவித்தார். நகர்த்தியது எது என்பதற்கு அவர் சொன்ன விசைகள் போதாதவை என்று பலரும் நிராகரித்தார்கள். 1960களில் கடல்தளம் விரிவது தெரிந்த பிறகே கருத்து திரும்பியது. அவருடைய மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது என்று அன்றைய நிலவியலாளர்கள் சொல்லியிருப்பார்கள். அவர்களும் காரணத்தோடுதான் சொன்னார்கள். மூன்று கட்டங்களைக் கொண்ட தாள் இந்த வழக்கைக் காட்டாது, மறைக்கும்.

விளக்கமும் வாதமும் ஒன்றல்ல என்ற எதிர்ப்பும் உண்டு. ஆஸ்போர்னும் அலெக்சிஸ் பேட்டர்சனும் 2011இல் இதை எழுதினார்கள். வானம் ஏன் நீலம் என்பதற்குத் தருவது விளக்கம், அது நீலமா என்று யாரும் ஐயப்படவில்லை. புவி வெப்பமாகிறதா என்பதற்குத் தருவது வாதம், அங்கே கூற்றே ஐயத்துக்குரியது. மூன்று கட்டச் சட்டகம் இரண்டையும் ஒரே தாளில் போடுகிறது. நடைமுறையில் இந்தப் பிரிப்பு எவ்வளவு தேவை என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு, நல்ல ஆசிரியர் இரண்டையும் மாறி மாறிச் செய்வார். ஆனால் எந்தக் கூற்றிலும் ஐயமே இல்லாதபோது சான்று கேட்பது சடங்காகிவிடும் என்ற அவர்களின் கருத்தைத் தள்ள முடியாது.

திறனா, பாட அறிவா

டியன்னா கூன் இந்தப் பிரச்சினையை உளவியலில் இருந்து அணுகினார். 1991இல் வெளிவந்த அவருடைய நூலுக்காகப் பதின்வயதினர் முதல் அறுபதுகளில் இருப்பவர்வரை 160 பேரிடம், சிறையிலிருந்து வந்தவர்கள் ஏன் மீண்டும் குற்றம் செய்கிறார்கள், பிள்ளைகள் ஏன் பள்ளியில் தோற்கிறார்கள் என்பதுபோன்ற கேள்விகள் கேட்கப்பட்டன. சான்று கேட்டபோது பலர் நம்பத்தகுந்த ஒரு கதையைச் சொன்னார்கள். அது நடந்திருக்கக்கூடிய விதத்தை விவரித்தது, நடந்ததைக் காட்டவில்லை. கூனின் விடை, வாதம் ஒரு பொதுத் திறன், அதைப் பயிற்சியால் வளர்க்க வேண்டும் என்பது. கோட்பாட்டையும் சான்றையும் மனத்துக்குள் பிரித்து வைப்பதே அந்தத் திறனின் உள்ளடக்கம்.

இதற்கு எதிரான தரப்பு, பொருள் தெரியாமல் வாதிட முடியாது என்கிறது. இஸ்ரேலில் அனாத் சோஹரும் ஃப்ளோரா நெமெத்தும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இரு தரப்புக்கும் ஆதாரம் தருகிறது. மரபியல் சார்ந்த அறச்சிக்கல்களில் பெரும்பாலான மாணவர்களால் எளிய வாதம் ஒன்றை ஏற்கெனவே கட்ட முடிந்தது. ஆனால் அதில் சரியான மரபியல் அறிவைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 16 விழுக்காடு மட்டுமே. மரபியலையும் வாதத் திறனையும் சேர்த்துக் கற்பித்த பிறகு அது சுமார் 53 விழுக்காடானது. திறன் அன்றாடச் சிக்கல்களுக்கும் பரவியதாக அவர்கள் கண்டார்கள். எனினும் பிற்கால ஆய்வுகள் பலவற்றில், மாணவர்கள் ஏற்கெனவே நன்கு அறிந்த பொருளிலேயே உயர்ந்த வாதம் வருகிறது என்ற முடிவு மேலோங்கியது.

கிளார்க் சின், வில்லியம் புரூவர் இருவரும் 1993இல் எழுதியது இந்த இரு தரப்பையும் சற்றே ஆட்டங்காணச் செய்வது. தங்கள் கோட்பாட்டுக்கு முரணான தரவைக் கண்டால் மனிதர்கள் ஏழு விதமாக நடந்துகொள்கிறார்கள் என்றார்கள்: கவனிக்காமல் விடுவது, மறுப்பது, இது என் கோட்பாட்டின் எல்லைக்குள் இல்லை என்பது, பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைப்பது, தரவுக்கு வேறு பொருள் சொல்வது, கோட்பாட்டின் ஓரத்தை மட்டும் திருத்துவது, கடைசியாகக் கோட்பாட்டையே மாற்றுவது. அறிவியலாளர்களும் இதற்கு விலக்கல்ல. முரண்படும் தரவைக் காட்டினாலே மாணவர் மாறிவிடுவார் என்ற பரவலான நம்பிக்கை இதற்குப் பிறகு நிற்காது.

எதிர்த்தரப்பு யார்?

இதுவரை பார்த்த தரப்புகள் பெரும்பாலும் மாணவரின் தலைக்குள் அல்லது அவருடைய தாளில் பிரச்சினையைத் தேடின. இன்னொரு தரப்பு வகுப்பறையைப் பார்க்கிறது. லீமா பெர்லாண்ட், டேவிட் ஹாமர் இருவரும் 2012இல், வாதத்தின் உருவம் முழுதாக இருந்தும் உண்மையான வாதம் இல்லாத வகுப்பைப் போலி வாதம் என்று குறித்தார்கள். மாணவர்கள் கட்டங்களை நிரப்புகிறார்கள், ஆனால் எவரும் எவரையும் நம்பவைக்க முயலவில்லை. யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை, விடை ஆசிரியரிடம் இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

ஐயம் உண்மையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹைட்டியிலிருந்து குடியேறிய பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியின் நிகழ்வு அடிக்கடி சொல்லப்படுகிறது. ‘ஷெஷ் கோனென்’ என்ற ஆய்வுத் திட்டத்தின் பகுதியாக ஆன் ரோஸ்பெரி, பெத் வாரன் குழு இதை 1992இல் வெளியிட்டது. பள்ளியின் மூன்றாம் தளக் குடிநீர்க்குழாயில் வரும் தண்ணீர்தான் சுவையானது என்று மாணவர்கள் நம்பினார்கள். எந்தக் குழாய்த் தண்ணீர் என்று தெரியாமல் குடித்துப் பார்த்தபோது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் முதல் தளத் தண்ணீரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களே நம்பவில்லை. பெரிய குழுவை வைத்து மறுபடி செய்தார்கள், முடிவு மாறவில்லை. பிறகு ஏன் என்ற கேள்வி வந்தது. அமிலத்தன்மை, உப்பு, வெப்பநிலை, நுண்ணுயிர் என்று ஒவ்வொன்றாக அளந்ததில் முதல் தளத் தண்ணீர் சுமார் 20 ஃபாரன்ஹீட் பாகை குளிர்ச்சியாக இருந்தது தெரிந்தது. நிலத்தடிக் குழாயில் குளிர்ந்த நீர் மேலே ஏறும்போது சூடாகிறது என்ற விளக்கத்துக்கு அவர்கள் வந்தார்கள்.

இங்கே சான்று எதற்காகத் தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். மாணவர்களின் சொந்த நம்பிக்கையே எதிர்த்தரப்பாக நின்றது. பரிசோதனையைத் திட்டமிடுவதும் பெரிய குழுவோடு திரும்பச் செய்வதும் அந்த நம்பிக்கையைக் காக்கும் முயற்சியாகத் தொடங்கி அதை விடும் முயற்சியாக முடிந்தன. இதே சூழலில் ஜோசியான் ஹுடிக்கூர்-பார்ன்ஸ், ஹைட்டி சமூகத்தில் கூடியிருந்து விளையாட்டாகவும் காரசாரமாகவும் வாதிடும் ‘பே ஓடியான்ஸ்’ என்ற பேச்சு வழக்கத்தைச் சுட்டினார். வகுப்பில் பேசாதவர்கள் என்று கருதப்பட்ட பிள்ளைகள் தங்கள் மொழியில் திறமையாக வாதிட்டார்கள்.

தமிழ்ச் சூழலில் இதே கேள்வியை எழுப்பினால் உடனே நினைவுக்கு வருவது பட்டிமன்றம். பள்ளி ஆண்டுவிழா முதல் தொலைக்காட்சிவரை வாதிடுவது நமக்கு அந்நியமானதல்ல. ஆனால் பட்டிமன்றத்தில் அணி முன்பே தீர்மானிக்கப்படுகிறது, பேச்சாளர் எதிரணியின் சான்றைக் கேட்டு அணி மாறுவதில்லை, தீர்ப்பு நடுவருடையது. அறிவியல் வாதத்தில் அணி மாறுவதே வெற்றி. வாதிடும் பழக்கம் உள்ள சமூகத்தில் எந்த வகை வாதம் வகுப்பறைக்குள் வருகிறது என்பது தனியாக ஆராயத்தக்கது.

வகுப்பறையைப் பார்க்கும் இந்தத் தரப்பின் பலவீனமும் வெளிப்படையானது. தண்ணீர்க் குழாய் போன்ற கேள்விகள் எப்போதும் கிடைப்பதில்லை. அணுக்கட்டமைப்பைப் பற்றியோ மின்காந்தத் தூண்டலைப் பற்றியோ பதினைந்து வயதினருக்கு இயல்பான ஐயம் எழுவதற்கு ஆசிரியர் மிகுந்த திறமையோடு பாடத்தை அமைக்க வேண்டும். அதற்கு வாரங்கள் தேவை, தவறான விடை பலகையில் சில நாட்கள் நிற்பதைப் பொறுக்கும் பெற்றோரும் தேவை.

ஹோஷங்காபாத்தின் முப்பது ஆண்டுகள்

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு ஒரு விடையைப் பெரிய அளவில் செயல்படுத்திப் பார்த்த முயற்சி மத்தியப் பிரதேசத்தில் நடந்தது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய இரு அமைப்புகள் 1972இல் ஹோஷங்காபாத் மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், 1978இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பு அதை ஏற்று நடத்தியது. டெல்லி பல்கலைக்கழகம், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் முதலியவற்றின் அறிவியலாளர்கள் கிராமப் பள்ளி ஆசிரியர்களோடு பயிற்சி முகாம்களில் உட்கார்ந்தார்கள். ‘பால் வைஞானிக்’ பாடநூலில் விடைகள் தரப்படவில்லை. சோதனைகளும் கேள்விகளும் இருந்தன. ஒவ்வொரு குழுவின் அளவீடும் வகுப்பின் முன் வைக்கப்பட்டு, ஏன் வேறுபடுகிறது என்று பேசப்பட்டது.

ஒப்பிட்டுப் பார்க்கும்போது இத்திட்டத்தின் துணிச்சல் தேர்வில்தான் இருந்தது. புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வையும் செய்முறைத் தேர்வையும் அது கொண்டுவந்தது. பாடநூலில் விடையே இல்லாதபோது அந்த நூலை ஒளித்துவைக்க வேண்டிய தேவையும் இல்லை. அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகள் பெரும்பாலானவை ஒரு சில வகுப்புகளில், தேர்வுமுறையைத் தொடாமல் நடந்தவை. ஹோஷங்காபாத் திட்டம் உச்சத்தில் சுமார் ஆயிரம் பள்ளிகளில் நடந்தது. 2002இல் மாநில அரசு அதை மூடியது. பொதுப் பாடத்திட்டத்திலிருந்து விலகியிருப்பதால் மாணவர்கள் பின்னர் பின்தங்குவார்கள் என்பது மூடுவதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்தக் கூற்றுக்கு என்ன சான்று என்ற கேள்வி அன்றே எழுந்தது. மூடும் முடிவை அது தடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1980களில் தொடங்கிய ‘துளிர்’ இதழ், 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு ஆகியவை வகுப்பறைக்கு வெளியே இதே பாதையில் நடந்தன. மாநாட்டுக்காகப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் குளத்தையோ குப்பையையோ ஆராய்ந்து நடுவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். அது விரும்பி வருபவர்களுக்கான களம், பொதுத்தேர்வின் நேரத்தைத் தொடுவதில்லை. தேசியக் கலைத்திட்டம் 2005 அறிவியல் கல்வியில் செயல்முறை சார்ந்த தகுதியை வலியுறுத்தியது. ஆவணங்கள் இவ்விஷயத்தில் பின்தங்கவில்லை. வினாத்தாள் பின்தங்கியது.

சான்றை எடைபோடும் தகுதி யாருக்கு?

மேற்சொன்ன எல்லாத் தரப்புகளும் ஓர் எடுகோளைப் பகிர்ந்துகொள்கின்றன: மாணவர் நாளை குடிமகனாகும்போது சான்றைத் தானே எடைபோடுவார். ஜான் ஹார்ட்விக் 1985இலேயே, நவீன அறிவில் பெரும்பகுதியை ஒருவர் தானாகச் சரிபார்க்க முடியாது, பிறரை நம்புவதே அறிவுடைமை என்று வாதிட்டார். தடுப்பூசி பாதுகாப்பானதா என்று மூன்று கட்டத் தாளில் எழுத முயலும் குடிமகன், இணையத்தில் தனக்குச் சாதகமான சான்றைப் பொறுக்கி அழகாக அடுக்கக்கூடும். தடுப்பூசி எதிர்ப்பாளர்களின் எழுத்தில் கூற்றும் சான்றும் காரணமும் குறைவின்றி இருக்கின்றன.

நோவா ஃபைன்ஸ்டைன் 2011இல் திறமையான வெளியாள் என்ற கருத்தை முன்வைத்தார். அறிவியலாளரைப் போலச் சிந்திக்கப் பழக்குவதைவிட, எப்போது எந்த அறிவியல் தனக்குத் தேவை, யாரை நம்பலாம் என்று தேரும் வெளியாளை உருவாக்குவதே இலக்காகலாம் என்றார். ஆஸ்போர்னும் அண்மை ஆண்டுகளில் இத்திசையில் நகர்ந்தார். அவர் முன்னின்ற 2022ஆம் ஆண்டு அறிக்கை, பொய்த்தகவல் காலத்தில் மூலத்தின் நம்பகத்தன்மையையும் நிபுணர்களிடையே உள்ள ஒருமிப்பையும் மதிப்பிடக் கற்பிக்க வேண்டும் என்றது. வாதிடுதலை மையத்தில் வைத்தவரே இப்படிச் சொல்வது கவனிக்கத்தக்கது. ஆயினும் நம்பிக்கையை மட்டும் கற்பித்தால் அது பழைய அதிகாரத்துக்கே திரும்பிப் போவதாகும் என்ற அச்சம் நியாயமானது. நிபுணர்கள் எப்படி ஒருமிப்புக்கு வருகிறார்கள் என்பது தெரியாமல் அந்த ஒருமிப்பை மதிக்க முடியுமா? ஒருமுறையேனும் சான்றோடு போராடியவருக்குத்தான் அது புரியும் என்று சிலர் நினைக்கிறார்கள். நியாயமான ஊகம், நிறுவப்பட்ட முடிவல்ல.

தெளிந்தவையும் தெளியாதவையும்

ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. வாதத்தின் உறுப்புகளை வெளிப்படையாகக் கற்பித்தால் எழுத்தின் உருவம் மேம்படுகிறது. துணைக்குறிப்புகளைப் படிப்படியாக விலக்குவது நல்லது. காரணவிளக்கத்தின் தரம் பாட அறிவோடு பின்னிப் பிணைந்தது, அறிவியலுக்கு வெளியே தனியாக ஒரு ‘வாத வகுப்பு’ நடத்துவதால் அது வந்துவிடாது. மாற்று விளக்கம் ஒன்று உயிரோடு இல்லாத வகுப்பில் எந்தச் சட்டகமும் நிரப்பும் படிவமாகவே மிஞ்சும். கடைசியானது என் பார்வையில் இந்த ஆய்வுகள் முழுவதையும் இணைக்கும் சரடு. ஆனால் அதற்கான சான்று பெரும்பாலும் சிறிய, ஆழமான வகுப்பறை ஆய்வுகளிலிருந்து வருவதால் அளவில் பெரிதாகும்போது அது தாங்குமா என்பது தெளிவில்லை.

மற்றவை திறந்தே இருக்கின்றன. ஒரு பாடத்தில் கற்ற வாதத் திறன் இன்னொரு பாடத்துக்கு எவ்வளவு கடக்கிறது என்பதில் முடிவுகள் முரண்படுகின்றன. தாய்மொழியில் வாதிட்டு ஆங்கிலத்தில் எழுத வேண்டிய மாணவருக்கு மூன்றாவது கட்டம் மொழிச் சிக்கலா, தர்க்கச் சிக்கலா என்று பிரித்தறிவது கடினம். தமிழ்வழியும் ஆங்கிலவழியும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் பள்ளிகள் இதை ஆராய ஏற்ற களம்.

மதிப்பீடு எல்லாவற்றிலும் கடினமானது. தரவு ஒன்றையும் அதற்கு இரண்டு மாற்று விளக்கங்களையும் கொடுத்து, எது வலுவானது, இன்னும் எந்த அளவீடு தேவை என்று கேட்கும் வினாவைத் தயாரிப்பது கடினமல்ல. ஷ்வாப்பின் கையேடு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே செய்தது. அப்படி எழுதப்படும் விடைக்கு ஒரே சரியான வாசகம் இருக்காது. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுபவர்கள் சுமார் 9 லட்சம் பேர். ஒவ்வொரு முகாமிலும் ஒரே விடைக்குறிப்பை வைத்துத் திருத்தும் ஆசிரியர்கள், சரியான முடிவுக்குப் பழுதான காரணம் சொன்ன மாணவருக்கும், தவறான முடிவுக்கு நல்ல காரணம் சொன்ன மாணவருக்கும் எவ்வளவு மதிப்பெண் கொடுப்பார்கள், இருவர் திருத்தினால் அது ஒத்துப்போகுமா என்பதே அடுத்த கட்ட ஆய்வுக்குரிய கேள்வி. ஹோஷங்காபாத் அனுபவத்தைத் தவிர, இந்திய அளவில் இதற்குக் கையில் இருக்கும் முன்மாதிரி மிகக் குறைவு.